உன் கறுப்புக் கோட்டு கடலோடு போன விவரம்

கப்பல், நான்காம் தளம்
வெள்ளிக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்பும் பண்பும் அகன்ற தோளும் உடைய மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதும் கடிதம். தண்ணீரின் மேல் நாங்கள் இருவரும் நலம். தரையின் மேல் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அதேபோல நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் நாற்காலிக் கடையில் வியாபாரம் நன்றாக நடக்கட்டும், வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் திருப்பிக் கொண்டுவராமல் இருக்கட்டும். உன் அக்கா ஓய்வு பெற்றதற்குப் பரிசாக இந்த ஆறு நாள் கப்பல் பயணத்துக்கு நீ சீட்டு எடுத்துக் கொடுத்ததையும், புறப்படும் அன்று காலையில் வீடு தேடி வந்து, "அத்தான், கப்பல்ல ஒரு பெரிய இடத்துச் சாப்பாட்டுக் கடை இருக்கு, கோட்டு இல்லாம உள்ள விடமாட்டாங்க" என்று சொல்லி உன் சொந்தக் கறுப்புக் கோட்டைக் கழற்றி என் கையில் போட்டதையும் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். சீட்டுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். கோட்டைப் பற்றியும் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நேராகச் சொன்னால் உனக்கு வருத்தம் வரும் என்பதால் கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்.

முதல் மூன்று நாட்களும் தூக்கத்தில் நடப்பதுபோலவே போயின. கப்பல் போகிறதா, கப்பலை நிறுத்திவைத்துவிட்டுக் கடல் போகிறதா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. காலையில் எழுந்து வட்டச் சன்னல் வழியே பார்த்தால் நீலம். குளித்துவிட்டு வந்து பார்த்தால் அதே நீலத்தில் யாரோ ஒரு சொட்டுப் பால் விட்டதுபோல ஒரு வெளுப்பு. என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். முப்பத்து நாலு வருஷம் வானிலை நிலையத்து மொட்டைமாடியில் நின்று, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வானத்தை மனதுக்குள் எட்டாகப் பங்கிட்டு, எட்டில் எத்தனை பங்கு மேகம், அது இறகுபோன்ற கீற்றா, குவிந்த திரளா, அடுக்கான படையா என்று குறித்துவைத்தவன். மாடியில் எனக்கு வாய்த்தது நாலு கட்டடத்துக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு துண்டு வானம். இங்கே முழு வானத்தையும் மடிக்காமல் விரித்துப் போட்டிருக்கிறார்கள். மேல்தளத்தில் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்தால் நேரம் போவதே தெரியவில்லை. இரண்டு தடவை என்னைத் தேடி வந்து உன் அக்கா பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். மூன்றாம் தடவை நிழல் விழுந்தபோதுதான் பார்த்தேன். அப்போதும் மேகம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இந்தக் கப்பலில் சாப்பிட ஆறு இடங்கள் இருக்கின்றன. ஐந்துக்குச் செருப்போடு போகலாம், தலை வாராமல் போகலாம், ஒருவர் ஈரத் துண்டோடுகூட வந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது எட்டாம் தளத்து முனையில் இருக்கிறது. மூன்று பக்கம் கண்ணாடி, வெள்ளை மேசைவிரிப்பு, வாசலில் பெயர்ப் பட்டியலோடு ஓர் அம்மாள். உன் அக்கா கப்பல் ஏறிய அன்றே அங்கே போய் வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு இரண்டு பேருக்கு இடம் போட்டுவிட்டு வந்தாள். என்னைக் கேட்கவில்லை, அறிவித்தாள். பல் மருத்துவரின் முன்னறையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வாருங்கள் என்று சொல்லிப் பழகிய குரல் அது. வலிக்கிறது என்று சொன்னாலும் மாறாது.

எனக்கு ஏன் வலித்தது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். எனக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வானம். அவளுக்குக் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை பல். நான் சாப்பிடும் நேரத்தில் அவள் இருக்க மாட்டாள், அவள் சாப்பிடும் நேரத்தில் நான் மாடியில் இருப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை சேர்ந்து சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதிலும் சில விரல்கள் மிச்சமாகும். அந்த இடத்தில் ஏழு வகை பரிமாறுவார்கள், மூன்று மணி நேரம் ஆகும் என்று அறைப் பணியாளர் சொன்னார். மூன்று மணி நேரம் அவளிடம் என்ன பேசுவது? இந்தப் பயத்தை வெளியே காட்ட முடியாமல், என்ன உடுத்துவது என்று கவலைப்பட ஆரம்பித்தேன். அந்தக் கவலையை நாலு பேரிடம் சொல்லலாம், கௌரவமாக இருக்கும்.

கதவுக் கைப்பிடியில் ஒரு அட்டை மாட்டியிருந்தார்கள். நேர்த்தியான மாலை உடை, முழுநீளக் கால்சட்டை, மூடிய காலணி, கோட்டு விரும்பத்தக்கது என்று எழுதியிருந்தது. விரும்பத்தக்கது என்றால் போடாவிட்டாலும் பரவாயில்லை என்பது உன் அக்காவின் வாதம். அவள் தனியார் இடத்தில் வேலை பார்த்தவள். எங்கள் நிலையத்துச் சுற்றறிக்கையில் ஒரு காரியம் விரும்பத்தக்கது என்று வந்தால், செய்யாதவனுக்கு அடுத்த வாரமே விளக்கம் கேட்டு மெமோ வரும். என்னிடம் இருந்தவை பேனா மை பட்ட ஆறு வெள்ளைச் சட்டைகள், மாடிக் குளிருக்குப் போடும் கம்பளிச் சட்டை ஒன்று, இரும்பு ஏணியில் வழுக்காத ரப்பர் காலணி, பணி ஓய்வு விழாவுக்கு வாங்கிய டை ஒன்று. அறைப் பணியாளர் நல்ல மனிதர். தினமும் கட்டில்மேல் துண்டை மடித்து ஒரு விலங்கு செய்து வைப்பார். வியாழக்கிழமை மத்தியானம் வந்து பார்த்தால், கட்டில்மேல் துண்டால் ஆன அன்னம் ஒன்று, அதன் கழுத்தில் என் டை. எனக்குக் கட்டத் தெரியாது என்று முதல்நாள் சொல்லியிருந்தேன், அதனால் முடிச்சுப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அந்த அன்னத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அதற்கு இருந்த கழுத்து எனக்கு இல்லை.

உன் அக்கா மூன்று உடுப்புகளை மாற்றி மாற்றி உடுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எப்படி இருக்கிறது என்று கேட்டாள், ஒவ்வொரு தடவையும் நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னேன். கடைசியில், "என்னங்க, திரும்பிப் பார்க்காம சொல்லுங்க, நான் இப்ப என்ன கலர்ல இருக்கேன்" என்று கேட்டாள். நான் அப்போது சன்னல் பக்கம் இருந்தேன். தென்கிழக்கில் ஒரு திரள் மேகம், அடி தட்டையாக, தலை காலிஃபிளவர்போல எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கலரை வேண்டுமானால் சொல்லியிருப்பேன். அவள் ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகரப் பெட்டிக்குள் போடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் உன் கோட்டை எடுத்துக்கொண்டு, பழகிவிட்டு வருகிறேன் என்று சொல்லி மேல்தளத்துக்குப் போய்விட்டேன்.

இப்போது கோட்டுக்கு வந்துவிட்டேன், மாப்பிள்ளை. உட்கார்ந்துகொள்.

உன் கோட்டுக்குள் நான் இருந்தது ஒரு பெரிய அறைக்குள் நாற்காலி ஒன்றை மட்டும் போட்டுவைத்ததுபோல இருந்தது. கை விரல் நுனி வெளியே தெரியவில்லை. பொத்தானைப் போட்டால் வயிற்றுக்கும் துணிக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம். ஆனால் அதற்கு ஒரு கம்பீரம் இருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். நாலு மணி வெயில், கடல் முழுக்கச் சில்லறையாக மின்னிக்கொண்டிருந்தது, மேலே எட்டில் மூன்று பங்கு மேகம். காற்று எவ்வளவு வேகம் என்று முகத்திலேயே அளந்து சொல்லிவிடுவேன், அது என் தொழில். அப்படி அளந்துகொண்டே, தலைக்கு நேர் மேலே ஒரு கீற்று மேகம் இறகுபோலப் பிரிவதைப் பார்க்கக் கையை விரித்து அண்ணாந்தேன். காற்று கோட்டுக்குள் புகுந்தது. ஒரு கணம் என் குதிகால் தரையில் இல்லை என்றே நினைக்கிறேன். பறந்துவிடுவேன் என்று பயந்து பொத்தானைக் கழற்றினேன். நான் கீழேயே நின்றேன், கோட்டு போய்விட்டது.

அது உடனே விழவில்லை. கம்பித் தடுப்பைத் தாண்டி, இரண்டு கையையும் விரித்தபடி, காற்றில் நின்றது. உள்ளே காற்று நிறைந்திருந்ததால் உன் தோள், உன் முதுகு, உன் வயிறு எல்லாம் அப்படியே இருந்தன. நீயே எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வானத்தில் நடந்து போவதுபோல இருந்தது. எனக்குக் கத்தத் தோன்றவில்லை; இவ்வளவு அழகாக ஒரு பொருள் தொலைந்து நான் பார்த்ததில்லை. பிறகு மெல்ல இறங்கி, தண்ணீரில் முதுகு மேலாகப் படுத்து, கைகளை ஆட்டிக்கொண்டு பின்னால் போயிற்று.

அதைக் கீழ்த்தளத்தில் இருந்த ஒரு பெண்மணி பார்த்துவிட்டார். ஆள் விழுந்துவிட்டார் என்று அவர் போட்ட சத்தத்தில் ஓர் ஊதல் ஒலித்தது, கப்பலின் அதிர்வு மாறியது, எங்கிருந்தோ ஆரஞ்சு வளையம் ஒன்று பறந்துபோய் உன் கோட்டுக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. வெள்ளை உடுப்பில் ஓர் அதிகாரி ஓடி வந்தார். அது ஆள் இல்லை, என் மைத்துனருடைய கோட்டு என்றேன். மைத்துனர் எங்கே என்று கேட்டார். வீட்டில் இருக்கிறார் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கோட்டுக்குள்ள யாரும் இல்லைன்னு நிச்சயமாத் தெரியுமா சார்?" என்றார். ஐந்து நிமிஷத்துக்கு முன்பு நானே உள்ளே இருந்துவிட்டு, யாரும் இல்லை என்று எப்படி அடித்துச் சொல்வது? யோசித்தேன். யோசித்தது தப்பாகப் போய்விட்டது. எல்லோரையும் எண்ணிப் பார்க்க உத்தரவு போட்டுவிட்டார்கள். நல்லவேளை, எங்கள் பக்கத்து அறைக்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி, அங்கேதான் நாற்காலியில் படுத்திருந்தார். அவர் எழுந்து, தாம் முழுவதையும் கண்ணால் பார்த்ததாகவும், போனது வெறும் துணிதான் என்றும், காற்றைத் தவிர யார்மேலும் குற்றம் இல்லை என்றும் சொன்ன பிறகுதான் எண்ணுவதை நிறுத்தினார்கள். நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காணாமல் போனவர் பெயர் என்று இருந்த இடத்தில் கறுப்புக் கோட்டு என்றும், அங்க அடையாளம் என்ற இடத்தில் மிகப் பெரியது என்றும் எழுதினேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அறைக்கு வந்தேன். உன் அக்கா தன் நீலப் பட்டுப் புடவையை உடுத்தி, தலை வாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அன்னம். மணி ஐந்தரை. நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. "அப்ப போக வேண்டாமா?" என்றாள், அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டதும் போகிறோம் என்று சொன்னேன். என்ன உடுத்திக்கொண்டு என்று கேட்டாள். இருப்பதை உடுத்திக்கொண்டு என்றேன். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த முதல் முடிவு இது என்று அவள் பிற்பாடு சொன்னாள். அன்னத்தின் தலை வழியாக டையை உருவி என் தலை வழியாகப் போட்டு இறுக்கினாள். வெள்ளைச் சட்டை, மேலே கம்பளிச் சட்டை, கீழே ரப்பர் காலணி. மின்தூக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் விருந்துக்குப் போகிறவளாகவும் நான் அவளுக்கு மழை வருமா என்று சொல்ல வந்தவனாகவும் தெரிந்தோம்.

வாசலில் பட்டியலோடு நின்ற அம்மாள் என்னைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தார். உன் அக்கா அவரைப் பார்த்தாள். முன்வாசலில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் எப்படியோ கண்டுகொள்கிறார்கள். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் நாலு வார்த்தை பேசிக்கொண்டார்கள், அந்த அம்மாள் சுவரில் ஒரு கதவைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கோட்டுகள். மறந்துவிட்டு வருகிறவர்களுக்காக வைத்திருக்கிறார்களாம். என் அளவுக்கு ஒன்றுதான் இருந்தது, பாலாடை நிறம். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, பரிமாறுகிறவர்களுக்கும் அதே நிறம். எங்கள் மேசைக்கு நடந்து போவதற்குள் ஒருவர் ரொட்டி கேட்டார், மறுப்பது மரியாதை இல்லை என்று எடுத்துக்கொடுத்தேன். இன்னொரு மேசையில் தண்ணீர் கேட்டார்கள். மூன்றாவது மேசையில் நம் நீதிபதி மெனு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீன் நன்றாக இருக்குமா என்று கேட்டார். நன்றாக இருக்கும் என்றேன். குரலைக் கேட்டு நிமிர்ந்தவர், வேலை கிடைத்ததற்கு வாழ்த்துச் சொன்னார்.

உட்கார வைத்ததில் இன்னொரு சோதனை. உன் அக்கா கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி, நான் அவளையும் அவளுக்குப் பின்னால் இருந்த பலகைச் சுவரையும் பார்த்தபடி. வெளியே அஸ்தமனம். எட்டில் ஐந்து பங்கு மேகம் இருக்கும் என்று அறையின் வெளிச்சத்தை வைத்தே தெரிந்தது, ஆனால் திரும்பிப் பார்த்தால் அவள் மனம் நோகும். அப்போது கவனித்தேன், அவளுடைய மூக்குக்கண்ணாடியில் வானம் முழுக்கத் தெரிந்தது. இரண்டு கண்ணாடியிலும் இரண்டு சின்ன வானம், செம்பு நிறத்தில் படைப்படையாக மேகம், நடுவே ஊசி முனையளவு சூரியன். நான் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் மெல்லத் தலை குனிந்து, "என்ன, இப்படிப் பார்க்கறீங்க" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். அவள் நீலப் பட்டைச் சரிசெய்துகொண்டாள். மாப்பிள்ளை, நான் பொய் சொல்லாதவன், அதனால் எழுதிவிடுகிறேன்: முதல் அரை மணி நேரம் நான் மேகத்தைத்தான் பார்த்தேன். பிறகு சூரியன் இறங்க இறங்க அந்தச் சின்ன வானங்கள் மங்கின, அவற்றுக்குப் பின்னால் இருந்த இரண்டு கண்கள் தெரிய ஆரம்பித்தன. அவற்றின் ஓரத்தில் இத்தனை கோடுகள் எப்போது விழுந்தன என்று எனக்குத் தெரியவில்லை. எந்த ஏட்டிலும் நான் அதைக் குறித்துவைக்கவில்லை.

இரண்டாவது வகை வந்தது. ஒரு பெரிய தட்டில் ஏதோ ஒன்றின் நுரை. என்ன பேசுவது என்று தெரியாமல் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன். மடித்த துண்டுச் சீட்டு ஒன்று அகப்பட்டது. மேசைக்குக் கீழே விரித்துப் படித்தேன். எனக்கு முன்னால் அந்தக் கோட்டை இரவல் வாங்கிப் போட்ட யாரோ ஒருவர் எழுதியது. ஒன்று, கடலைப் பற்றிச் சொல். இரண்டு, அவள் உடையைப் பற்றிச் சொல். மூன்று, அவள் தங்கையைப் பற்றிச் சொல்லாதே. நான்கு, வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுப் பேசு. ஐந்து, மன்னிப்பு. அவ்வளவுதான். எதற்கு மன்னிப்பு என்று எழுதவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த முகம் தெரியாத மனிதர்மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது. அவரும் இதே நாற்காலியில், இதே பயத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கடல் அழகாக இருக்கிறது என்றேன். இப்போதுதான் தெரிகிறதா என்றாள். நீலம் உனக்கு நன்றாக இருக்கிறது என்றேன். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். நோயாளியின் சீட்டை வாங்கும் அதே கை. கொடுத்துவிட்டேன். நிதானமாக மேலிருந்து கீழே படித்தாள். எனக்குத்தான் தங்கை இல்லையே என்றாள். பிறகு ஐந்தாவது வரியில் விரலை வைத்து, "இதையும் கேட்டுடுங்களேன்" என்றாள்.

நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், உனக்குத் தெரிந்திருக்காது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம். பேருந்து நிலையத்துக்கு எதிரே வெள்ளை மேசைவிரிப்புப் போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை புதிதாகத் திறந்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் நிலையத்திலிருந்து நேராக அங்கே வருவதாகவும், அவள் வீட்டிலிருந்து வருவதாகவும் ஏற்பாடு. நாலு மணிக்கு மேற்கே கார்முகில் கட்டியது. அதுபோல ஒரு மேகத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளவெடுக்க உத்தரவு, மாற்று ஆள் வரவில்லை, தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது. நான் மறுநாள் காலையில்தான் வீட்டுக்குப் போனேன். உன் அக்கா காலைச் சாப்பாட்டை எடுத்துவைத்தாள். முந்தின நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷமும் கேட்கவில்லை. வெளியே சாப்பிடப் போகலாம் என்றும் அதன் பிறகு அவள் சொன்னதே இல்லை. எவ்வளவு பெரிய கோபம் இருந்தால் ஒரு மனுஷி இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும் என்று நினைத்து நினைத்தே, அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று எடுத்தேன். மூன்றாவது வகை வந்து ஆறிப்போனது. நான் அந்தப் புயலை, அறுந்த கம்பியை, வராத ஆளை எல்லாம் சொல்லிவிட்டு, இவை எல்லாம் காரணம் இல்லை, நீ அங்கே உட்கார்ந்திருப்பாய் என்பது எனக்கு ஆறரை மணிக்கே நினைவு வந்தது, ஆனாலும் அந்த மேகத்தை விட்டு வர எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை, என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தாள். நான் கேட்டேன், "எவ்வளவு நேரம் காத்திருந்த?"

அவள் கடலைப் பார்த்தாள். யோசித்து யோசித்து, "ரெண்டரை மணி நேரம்" என்றாள்.

"என்ன உடுத்தியிருந்த?"

அதற்கும் கொஞ்ச நேரம் ஆயிற்று. "சாம்பல் கலர்" என்றாள். பிறகு, "உங்களுக்கு மேகம் பிடிக்குமேன்னு" என்றாள்.

மாப்பிள்ளை, நான் மேசைத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். மணமாகி மூன்றே வருஷம் ஆன ஒரு பெண், நான் பார்த்து மகிழ வேண்டும் என்று மேக நிறத்தில் உடுத்திக்கொண்டு, பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் துக்க வீட்டிலிருந்து வந்தவள் என்று நினைக்க, மூன்று தடவை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மழையில் நனைந்தபடி திரும்பிப் போயிருக்கிறாள். நான் அந்த நேரத்தில் வேறொரு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் அழுவதைப் பார்த்து, பரிமாறுகிறவர் நாலாவது வகையில் காரம் அதிகமோ என்று கேட்டார். உன் அக்கா கையை நீட்டி என் கையைப் பிடித்தாள், போகட்டும் விடுங்கள் என்றாள். மிச்ச மூன்று வகையும் என்ன வந்தது என்று எனக்கு நினைவில்லை. இருட்டும் கடலும் கண்ணாடிக்கு வெளியே ஒன்றாகிவிட்டன, நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். உன்னைப் பற்றிக்கூடப் பேசினோம், நல்லதாகத்தான். மேசையை விட்டு எழுந்தபோது மூன்று மணி நேரம் போதவில்லை என்று இருந்தது.

ஆகவே, உன் கோட்டு போனதற்கு நான் வருந்துகிறேன், ஆனால் அது போகாமல் இருந்திருந்தால் என்று நினைக்க முடியவில்லை. இங்கே கப்பல் கடையில் விசாரித்தேன். உன் அளவு இவ்வளவு என்று கைகளை விரித்துக் காட்டியபோது கூடாரம் விற்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊர் வந்ததும் நல்ல துணியாக எடுத்து உனக்குத் தைத்துத் தருவது என் பொறுப்பு. கப்பல் மத்தியானம் ஒரு துறைமுகத்தில் நிற்கும், அங்கே இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன். உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், நன்றாகத் தூங்கட்டும், நல்ல காற்றும் அளவான மழையும் உங்கள் வீட்டுக் கூரைமேல் எப்போதும் இருக்கட்டும்.

என்றும் அன்புள்ள
உன் அத்தான்

பி.கு.: இதன் அடியில் தானும் இரண்டு வரி எழுதி ஒட்டிக் கொடுப்பதாக உன் அக்கா சொல்கிறாள். எழுதட்டும். நான் மேல்தளத்துக்குப் போய் இரண்டு நாற்காலி பிடித்துவைக்கிறேன்.

தம்பி, அக்கா எழுதுகிறேன். அவர் போய்விட்டார், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை நான் அந்தக் கடைக்குப் போகவே இல்லை. மத்தியானம் கொஞ்சம் படுக்கலாம் என்று படுத்தேன், மழைச் சத்தத்தில் நன்றாகத் தூங்கிவிட்டேன். விழித்தபோது மறுநாள் விடிந்திருந்தது. அவர் அங்கே உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்து காத்திருந்து, கோபத்தில் நிலையத்துக்கே திரும்பிப் போய்விட்டார் என்று நினைத்தேன். காலையில் வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாரா, சரி, கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் போகவில்லை என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். முப்பத்தோரு வருஷம் மறைத்தது போதும், நல்ல இடமாக உட்காரவைத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் அங்கே இடம் போட்டேன். அந்தச் சீட்டில் ஐந்தாவது வரியைப் பார்த்ததும், அவர் கேட்டு முடித்ததும் நான் கேட்கலாம் என்று இருந்தேன். ஆனால் அவர் மன்னிப்புக் கேட்ட அழகில் எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. காத்திருந்தேன் என்று சொல்லிவிட்டேன். என்ன உடுத்தியிருந்தாய் என்று கேட்பார் என்று யார் கண்டது? வாய்க்கு வந்த கலரைச் சொன்னேன். என்னிடம் சாம்பல் நிறத்தில் ஒன்றுமே இருந்ததில்லை, எனக்கு அந்த நிறமே பிடிக்காது. இன்று காலையில் நான் என்ன நிறம் உடுத்தியிருக்கிறேன் என்று கேட்காமலே சொன்னார், சரியாகவும் சொன்னார். ஊருக்கு வந்ததும் உன்னைப் பிடித்து உட்காரவைத்து, அக்காவின் அந்தச் சாம்பல் நிற உடுப்பு உனக்கு நினைவிருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார். இருக்கிறது என்று சொல்லிவிடு. அக்காவுக்கு ரொம்பப் பொருத்தமாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொல்லு.